யாழ்ப்பாணத்தில் கல்லும் உயிர்ச்சுவடும் தேட எங்கே போகலாம், எதைத் தொடக்கூடாது

கனடாவிலிருந்து ஆடி மாத விடுமுறைக்குப் பிள்ளைகளோடு யாழ்ப்பாணம் வரும் ஒரு தாயின் கேள்வி இது. மூத்த பெடியன் அங்கே கல், உயிர்ச்சுவடு (கல்லாகிப்போன பழைய உயிரினங்களின் எச்சம்), அம்புமுனை என்று தேடிச் சேர்க்கிறானாம். இங்கே அதற்கு நல்ல இடங்கள் எவை, சுத்தியல் கொண்டுவரலாமா, கிடைப்பதை எடுத்துப் போகலாமா என்று கேட்டிருக்கிறார்.

அம்புமுனையை முதலில் முடித்துவிடுகிறேன், ஏனென்றால் அதில்தான் ஏமாற்றம். வட அமெரிக்காவில் உழுத வயலில் பொறுக்குகிறார்களே, அடியில் இரண்டு பக்கமும் வெட்டு வைத்த முக்கோணக் கல்முனை, அந்த வகை இலங்கையில் இல்லை. நம்முடைய கற்கால மக்கள் செய்தவை நுண்கற்கருவிகள். பெரும்பாலும் நகத்தளவு, கூடினால் ஒரு விரல் மூட்டளவு. பிறை வடிவம், முக்கோணம், சரிவகம் என்று குவாட்ஸ் என்ற படிகக் கல்லிலும் சேர்ட் என்ற வழுவழுப்பான கடினக் கல்லிலும் உடைத்து எடுத்த சில்லுகள். அவற்றை மரத்தண்டில் பிசின் வைத்து ஒட்டிப் பயன்படுத்தினார்கள். களுத்துறை மாவட்டத்தில் புளத்சிங்களப் பக்கம் உள்ள பாஹியன்கல குகையில் கிடைத்த அம்புமுனைகள் கல்லே அல்ல, எலும்பு. ஏறத்தாழ 48,000 ஆண்டு பழையவை என்று 2020இல் ஆய்வு வெளியானது. ஆகவே மகனின் கண் பழகிய உருவம் இங்கே எந்த வயலிலும் கிடைக்காது. அப்படி யாராவது விற்க வந்தால் அது வேறு நாட்டுச் சாமான், அல்லது போன மாதம் செய்தது.

இன்னொரு தடை, யாழ்ப்பாணக் குடாநாட்டில் கருவி செய்யத் தோதான குவாட்ஸ் பாறை கிடையாது. இலங்கையின் பத்தில் ஒன்பது பங்கு மிகப் பழைய உருமாறிய பாறை. பெரும்பாலும் வடக்கிலும் வடமேற்குக் கரையிலும்தான் அதற்கு மேல் கடலடியில் படிந்த சுண்ணக்கல் கிடக்கிறது. குடாநாட்டில் ஒரு வெள்ளைக் குவாட்ஸ் சில்லு கண்டால், அதை மனிதன் கொண்டுவந்திருக்க வேண்டும். பழங்காலத்து மனிதனா, போன வருடம் சல்லி ஏற்றி வந்த லொறிக்காரரா என்பது அடுத்த கேள்வி. வீதிக்குப் போடும் கருங்கல் சல்லி வன்னிப் பக்கத்திலிருந்து வருவது. அதில் சிவப்பாக மின்னும் கார்னட், பளபளக்கும் மைக்கா எல்லாம் இருக்கும். புதுச் சல்லிக் குவியலில் சின்னப் பிள்ளைகள் உற்சாகமாகப் பொறுக்குவார்கள். பொறுக்கட்டும், ஆனால் அது யாழ்ப்பாணத்துக் கல் என்று எழுதிவைக்க வேண்டாம்.

அந்தக் குறையை ஈடுசெய்ய உயிர்ச்சுவடு இருக்கிறது. இந்த விஷயத்தில் யாழ்ப்பாணம் பணக்கார ஊர்.

நம் காலடியில் கிடப்பது மயோசின் காலச் சுண்ணக்கல். ஏறத்தாழ 2 கோடி ஆண்டுகளுக்கு முன் இந்த இடம் சூடான, ஆழமில்லாத கடல். அதில் வாழ்ந்த சிப்பி, சங்கு, பவளம், கடல் முள்ளெலி, இவற்றையெல்லாம்விட எண்ணிக்கையில் கூடிய நுண்ணுயிர்கள், எல்லாம் செத்துப் படிந்து இறுகிக் கல்லானது. அந்தக் கல்லை வெட்டித்தான் கிணறு, அதை அடுக்கித்தான் மதில், அதைச் சுட்டுத்தான் சுண்ணாம்பு. உயிர்ச்சுவடு எங்கே இருக்கிறது என்று கேட்பதைவிட, கல் எங்கே வெட்டப்பட்டுச் சுத்தமாகத் தெரிகிறது என்று கேட்பதுதான் பயன். யாழ்ப்பாணத்தில் தேடுகிறவனுக்கு நான் சொல்வது இதுதான்: நீங்கள் தோண்ட வேண்டாம், மற்றவர்கள் ஏற்கெனவே தோண்டிப் போட்டதைப் பாருங்கள்.

அதில் முதலிடம் கிணற்றடிக் கல் குவியலுக்கு. வலிகாமத்தில் செம்மண் தோட்டக் காணிகள் எதிலும் பாருங்கள். மேலே சில அடி செம்மண், அதன் கீழே கல். கிணறு வெட்டும்போது கல்லை வெடி வைத்தும் அலவாங்கால் நெம்பியும் எடுத்து வளவு மூலையிலோ வரம்போரத்திலோ குவித்திருப்பார்கள். பல குவியல்கள் பரம்பரையாக அப்படியே கிடக்கின்றன. மழை பட்டுப்பட்டு மென்மையான பகுதி கரைந்து, சிப்பியின் அச்சும் பவளத்தின் கண்களும் மேலே எழும்பி நிற்கும். புதிதாக உடைத்த கல்லைவிட இந்தப் பழைய குவியல்தான் கண்ணுக்குத் தெளிவு. உரும்பிராய், கோப்பாய், புன்னாலைக்கட்டுவன், ஏழாலை, தெல்லிப்பழை என்று எந்தப் பக்கம் உறவினர் இருந்தாலும் அவர்கள் வளவிலிருந்தே தொடங்கலாம். அடுத்தவர் வளவென்றால் படலையில் நின்று கேளுங்கள். “அம்மா, உங்கட கிணத்தடிக் கல்லை ஒருக்காப் பாக்கலாமோ, பெடியன் படிக்கிறான்” என்று சொன்னால் மறுக்கிறவர் குறைவு. தேத்தண்ணியும் வரும்.

எதைப் பார்ப்பது? இங்கே பல சிப்பிகளின் ஓடு கரைந்துபோய், உள்ளே நிரம்பிய சேறு மட்டும் கல்லாகி நிற்கிறது. அதனால் சுருள் சங்கின் ஓட்டைத் தேடாமல், அதன் உட்புறத்து வார்ப்பைத் தேட வேண்டும். திருகாணி மாதிரி முறுக்கு விழுந்த கல் கண்டால் அது ஒரு சுருள் சங்கின் உள்வார்ப்பு. ஆளிச் சிப்பி, விசிறிச் சிப்பி, கடல் முள்ளெலி ஆகியவற்றின் ஓடு வேறு வகைக் கனிமம் என்பதால் பெரும்பாலும் அப்படியே தப்பியிருக்கும். பவளம் தேன்கூடு போன்ற கண்களால் தெரிந்துவிடும். அப்புறம், பத்து மடங்கு பெருக்கும் ஒரு கைக்கண்ணாடி இருந்தால் இன்னொரு உலகம் திறக்கும். கல்லின் ஈர முகத்தில் சில மில்லிமீற்றர் அகலத்தில் சின்ன வட்டத் தட்டுகள், வெட்டு முகத்தில் நீளக் கோடுகள் தெரியும். அவை ஃபொராமினிஃபெரா என்ற ஒற்றைக் கல உயிரின் ஓடுகள். அவற்றில் ஒன்றுக்கு டபெரினா மலபாரிக்கா என்று பெயர். கேரளத்துக் கொல்லம் படிவுகளிலும் அதே உயிர் இருக்கிறது. இரு கரையும் ஒரே காலத்துக் கடலடி என்பதற்கு அந்தச் சின்ன வட்டம் சாட்சி. எனக்கு அது எந்தச் சுறாப் பல்லையும்விடப் பெரிய கண்டுபிடிப்பு. பதின்ம வயதுப் பெடியன் சம்மதிப்பானோ தெரியாது.

சுறாப் பல் என்றதும் ஒரு விளக்கம். இந்தத் தீவில் மயோசின் காலச் சுறாப் பற்களுக்குப் பெயர்போன இடங்கள் புத்தளத்துக்கு வடக்கே அருவக்காலுவும் தெற்கே யால பக்கத்து மினிஹாகல்கந்தவும். ஒன்று சீமெந்துக் கல் அகழும் இடம், மற்றது தேசியப் பூங்கா. இரண்டிலும் அனுமதியில்லாமல் கால் வைக்க முடியாது. யாழ்ப்பாணத்தில் பல் கிடைத்தால் அதிர்ஷ்டம் என்று வைத்துக்கொள்ளுங்கள், அதற்கென்று திட்டம் போடாதீர்கள். சுருள் ஓட்டுக் கடலுயிரான அம்மோனைட்டும் டைனோசரும் தேடவே வேண்டாம். அவை 6 கோடியே 60 லட்சம் ஆண்டுகளுக்கு முன் அழிந்தவை, நம் கல் அதற்கு வெகு பின்னால் வந்தது. அம்மோனைட் வேண்டுமென்றால் தமிழ்நாட்டில் அரியலூருக்குப் போக வேண்டும்.

அடுத்தது கரை. காங்கேசன்துறையிலிருந்து பருத்தித்துறை வரை வடகரை முழுவதும் மணலைவிடக் கல்தான் கூட. கடல் தின்று தின்று சுண்ணக்கல்லைத் தட்டையாகவும் குழிகுழியாகவும் ஆக்கி வைத்திருக்கிறது. வாடைக் காற்றுக் காலத்தில் இந்தக் கரை கொந்தளிக்கும். நீங்கள் வரும் சோளகக் (தென்மேற்குக் காற்று) காலத்தில் ஒப்பீட்டளவில் அமைதி, ஆதலால் நேரம் பொருத்தம். வற்று நேரத்தில் போங்கள். பருத்தித்துறை, வல்வெட்டித்துறைப் பக்கங்களில் பொதுமக்கள் நடமாடும் கரையே போதும். பலாலிப் பக்கம் சில துண்டுகள் இன்னும் படையினர் வசம், அங்கே வேலிக்குள் எட்டிப் பார்க்கவும் வேண்டாம். கல்லைப் பார்க்கிறேன் என்று காவலரணுக்கு முன்னால் குனிந்து படம் எடுத்தால் யாரும் நம்பமாட்டார்கள்.

கீரிமலையையும் பாருங்கள், ஆனால் எடுக்க அல்ல. மழைநீர் செம்மண் வழியாக இறங்கி, கல்லுக்குள் பொந்தும் குகையுமாக ஓடி, கடலோரத்தில் நன்னீர் ஊற்றாக வெளியே வருவதை அங்கே நேரில் காணலாம். நிலாவரைக் கிணறும் இதே கதைதான். சுண்ணக்கல் கரைந்து கூரை இடிந்து விழுந்த பள்ளம் அது. ஏறத்தாழ 50 மீற்றர் ஆழம், மேலே நன்னீர், கீழே உப்புநீர். ஒரு எச்சரிக்கை: ஆடி அமாவாசையில் கீரிமலை பிதிர்க்கடன் செய்கிறவர்களால் நிரம்பி வழியும். அன்றைக்குக் கைக்கண்ணாடியோடு அங்கே போய் நிற்காதீர்கள்.

காங்கேசன்துறை சீமெந்துத் தொழிற்சாலைக்காக வெட்டிய பெரிய கல்லகழ் குழிகளைப் பற்றி யாராவது சொல்வார்கள். 1950இல் தொடங்கிய தொழிற்சாலை அது, போர் தொடங்கிய பின் 1990இல் நின்றது. குழிச் சுவரில் படைபடையாகக் கல் தெரியும் என்பது உண்மை. ஆனால் விளிம்பு பொடிந்து விழும், அடியில் ஆழமான தண்ணீர், காணி யாருடையது என்பதிலும் சிக்கல். பிள்ளையோடு நான் போகமாட்டேன். தவிர, சுண்ணக்கல் அகழ்வது இங்கே மக்கள் கோபப்படும் விஷயம். கல்லை எடுத்தால் நிலத்தடி நன்னீருக்குள் உப்புப் புகும் என்ற பயம் நியாயமானது. வெளியூர் வாகனத்தில் வந்து கல்லைத் தட்டினால் நாலு பேர் கூடிவிடுவார்கள்.

தீவுப் பகுதியில் ஒரு நாள் மட்டும்தான் கிடைக்கும் என்றால் நெடுந்தீவைத் தேர்ந்தெடுங்கள். குறிகட்டுவானிலிருந்து படகு, கடற்பயணம் ஒரு மணி நேரம் அளவில். காலைப் படகைப் பிடித்தால்தான் திரும்பி வரலாம். சோளகத்தில் கடல் கொஞ்சம் ஆட்டும், வயிறு பலமில்லாதவர்கள் யோசியுங்கள். அங்கே வளவு வேலி எல்லாம் முருகைக்கல். சாந்து பூசாமல் அடுக்கிய மதில்கள், தீவு முழுக்க. மூளைப் பவளம், கிளைப் பவளம், சிப்பி பதிந்த பாளம் என்று மதில் ஓரமாக நடந்தே வகை வகையாகப் பார்க்கலாம். இது மயோசின் கல் அளவுக்குப் பழசல்ல. பவளம் இன்னும் பவளமாகவே, லேசாக, வெள்ளையாக இருக்கும். வளரும் கல் என்று ஒன்றையும் காட்டுவார்கள். பவளக் கல்தான், தண்ணீருக்கு வெளியே பவளம் வளராது. ஆனால் அதைக் கும்பிடுகிறவர்கள் முன்னால் பிள்ளை இதைச் சத்தமாகச் சொல்லாமல் பார்த்துக்கொள்ளுங்கள். மதிலிலிருந்து ஒரு கல்லையும் உருவக்கூடாது. அது ஒருவருடைய வேலி, ஒரு கல் போனால் ஆடு உள்ளே வரும்.

யாழ்ப்பாணக் கோட்டையும் இதே வகைக் கல்லால் கட்டியதுதான். மாலையில் சாய்ந்த வெயில் மதிலில் விழும்போது பவளக் கண்கள் நிழலோடு தெளிவாகத் தெரியும். பஸ் ஏறாமலே பார்க்கக்கூடிய உயிர்ச்சுவடுக் காட்சி அது.

இனி, தொடக்கூடாத பக்கம். கல்லும் சிப்பியும் இயற்கை. மனிதன் கைபட்டது வேறு. கந்தரோடையில் பனைகளுக்கு நடுவே சின்னச் சின்னத் தூபிகள் இருக்கும் வளவுக்கு எல்லோரும் போவார்கள். அதைச் சுற்றிய தோட்டங்களிலும் பழைய மட்பாண்ட ஓடுகள் மண்ணோடு கலந்து கிடக்கின்றன. கறுப்புச் சிவப்பு ஓடு, மணி, சில வேளை காசுத் துண்டு. 1970இல் பென்சில்வேனியாப் பல்கலைக்கழக அருங்காட்சியகக் குழு அங்கே அகழ்ந்தது. ஆனைக்கோட்டைக் கரையாம்பிட்டியில் 1980இல் யாழ்ப்பாணப் பல்கலைக்கழகத்தினர் பெருங்கற்கால ஈமக்குழியைத் தோண்டியபோது, பிராமி எழுத்தும் குறியீடும் பொறித்த முத்திரை எலும்புக்கூட்டோடு கிடைத்தது. அந்தச் சின்ன முத்திரை யாராவது பொறுக்கிக் கால்சட்டைப் பையில் போட்டுப் போயிருந்தால் இன்றைக்கு வெறும் அழகான துண்டு, அவ்வளவுதான். எந்த மனிதருடன், எந்த மண்படையில் கிடந்தது என்பதுதான் அதற்குப் பெறுமதி கொடுத்தது.

சட்டமும் கண்டிப்பானது. 1940ஆம் ஆண்டின் 9ஆம் இலக்கத் தொல்பொருட் கட்டளைச் சட்டம், 1998இல் மேலும் இறுக்கப்பட்டது. 1815 மார்ச் 2க்கு முந்தைய பொருட்களைத் தொல்பொருளாக அது கொள்கிறது. அனுமதிப்பத்திரம் இல்லாமல் அகழ முடியாது, நாட்டை விட்டுக் கொண்டுபோகவும் முடியாது. சொந்தக் காணியில் தோண்டினாலும் இதேதான். உலோகம் கண்டுபிடிக்கும் கருவியைப் பெட்டியில் வைத்துக்கொண்டு வர யோசித்திருந்தால் தயவு செய்து வீட்டிலேயே விட்டுவிடுங்கள். புதையல் தேடுகிறவர்கள் என்று பொலிஸ் பிடிக்கும் செய்தி இங்கே வாராவாரம் வரும், வெளிநாட்டுக் கடவுச்சீட்டு அதில் உதவாது. ஓடோ மணியோ கண்டால் கிடக்கிற நிலையிலேயே படம் எடுத்து, இடத்தைக் குறித்து, தொல்பொருள் திணைக்களத்துக்கோ பல்கலைக்கழக வரலாற்றுத்துறைக்கோ சொல்லுங்கள். எலும்பு கண்டால் கை வைக்காமல் கிராம சேவையாளருக்கும் பொலிசுக்கும் அறிவியுங்கள். செம்மணி மனிதப் புதைகுழி இருக்கிற மண்ணில் அதற்குக் காரணம் விளக்கத் தேவையில்லை.

எல்லாவற்றுக்கும் மேலான ஆபத்து மிதிவெடி. முகமாலை, கிளாலி, நாகர்கோவில் வழியாகப் பல வருடம் போர் முன்னரங்கு ஓடியது. வெடி அகற்றும் வேலை ஆண்டுக்கணக்காக நடந்தும் முற்றாக முடிந்தது என்று எண்ணி நடக்கக்கூடிய இடம் அல்ல. மண்டையோடு போட்ட சிவப்புப் பலகை, சிவப்பு முனைத் தடி, நாடா, இவற்றைக் கண்டால் வந்த தடத்திலேயே திரும்ப வேண்டும். பலகை இல்லாத பற்றைக் காணியும், ஆள் குடியேறாத வளவும் அதே கணக்குத்தான். துருப்பிடித்த எந்த உலோகத்தையும் பிள்ளை தூக்கக்கூடாது. தேடிப் பொறுக்கும் பழக்கமுள்ள பிள்ளைக்கு இதை ஒரு தரம் சொன்னால் போதாது. கண் தானாகவே வித்தியாசமான பொருளிடம் போகும், அதுதானே அவனுடைய திறமை.

கல் குவியலில் இன்னொருவரும் குடியிருப்பார். சுருட்டை விரியன் இந்த வறண்ட கரையோர மண்ணில் சாதாரணம். சின்னப் பாம்பு, மண் நிறம், பெரிய விஷம். கல்லைத் தடியால் புரட்டிப் பார்த்த பிறகுதான் கை. சப்பாத்துப் போடுங்கள். பற்றைக்குள் கட்டு இல்லாத பழைய கிணறும் இருக்கும்.

கற்கருவியைப் பற்றி அறிய மிகவும் ஆசையென்றால், ஆனையிறவைத் தாண்டிக் கிளிநொச்சிப் பக்கம் போகும்போது நிலத்தைக் கவனிக்கச் சொல்லுங்கள். சிவப்பு மணலும் அதன் கீழே உருண்டைப் பரலும் கொண்ட படைக்கு இரணைமடுப் படிவு என்றே புவிச்சரிதவியலில் பெயர். இதே வகைப் படிவில் தெற்கே பூந்தலப் பக்கம் 80,000 முதல் 125,000 ஆண்டு பழைய கற்கருவிகள் கிடைத்தன. வெட்டிய வீதியோரத்தில் அந்தப் பரல் படையைப் பார்க்கலாம், படம் எடுக்கலாம். உள்ளே கை விட்டுக் கிளறினால் அது அகழ்வு. கருவியையே பார்க்க வேண்டுமென்றால் அருங்காட்சியகம்தான் வழி. யாழ்ப்பாணம் நாவலர் வீதியிலுள்ள தொல்பொருள் அருங்காட்சியகம் சின்னது, ஆனால் மண்பாண்டமும் சிற்பமும் எப்படி இருக்கும் என்று கண் பழகிக்கொள்ள நல்லது.

கொண்டுவர வேண்டியவை கைக்கண்ணாடி, பல்துலக்கும் பழைய பிரஷ், பென்சில், ஒரு கொப்பி. கல்லைக் கழுவ வாளித் தண்ணீர் இங்கேயே இருக்கிறது. சுண்ணக்கல்லா என்று சந்தேகமென்றால் ஒரு ஓரத்தில் ஒரு துளி வினாகிரி விட்டுப் பாருங்கள், நுரைத்தால் சுண்ணக்கல். குவாட்ஸ் நுரைக்காது, கண்ணாடியையும் கீறும். ஆனால் உயிர்ச்சுவடுக் கல்லை வினாகிரியில் ஊறவைத்துச் சுத்தம் செய்யாதீர்கள், சுவடும் சேர்ந்து கரையும். ஒவ்வொரு கல்லுக்கும் ஊர், யார் வளவு, கிணற்றுக் கல்லா கரைக் கல்லா, தேதி என்று எழுதிப் பத்திரிகைத் தாளில் சுற்றி வைக்கட்டும். சுத்தியல் தேவையே வராது.

எடுத்துப் போவது பற்றிய கேள்விக்கு என் பதில்: வேண்டாம். உயிருள்ள பவளம் உட்படக் கடற்கரைப் பவளத்தைத் தொடக் கரையோரப் பாதுகாப்புச் சட்டமும் வனசீவராசிகள் சட்டமும் விடாது. வன்பவளங்கள் சர்வதேச வர்த்தகக் கட்டுப்பாட்டுப் பட்டியலிலும் இருக்கின்றன. கல் ஏற்றுமதிக்குப் புவிச்சரிதவியல் அளவை சுரங்கங்கள் பணியகத்தின் அனுமதி என்று இன்னொரு வாசல். 2 கோடி ஆண்டுப் பவளத்தையும் நேற்றுப் பிடுங்கிய பவளத்தையும் கட்டுநாயக்கா விமான நிலையத்தில் சுங்க அதிகாரி நடுச்சாமத்தில் பிரித்தறிவார் என்று எதிர்பார்ப்பது நடக்காத காரியம். படங்களையும் கொப்பியையும் கொண்டுபோங்கள். கற்களை இங்கே படிக்கும் மச்சான் மச்சாளின் பள்ளிக்கூடத்து விஞ்ஞான அறைக்கு, அவன் எழுதிய துண்டுகளோடு கொடுத்துவிட்டுப் போகலாம். அடுத்த ஆடிக்கு வரும்போது அதே அலுமாரியில் மீதியைச் சேர்க்கலாம்.